வெளிச்சம் விழுந்த பக்கம்

படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கியபோது அம்மா சமையலறையிலிருந்து வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“என்னடா இது? எழவு வீட்டுப் படத்தக் காசு குடுத்து வாங்கியாந்து நடுவீட்டுல மாட்டியிருக்க?”

சிரித்துவிட்டேன். இது சும்மா படம் இல்லம்மா, பிரெஞ்சுப் புரட்சி நடந்த வருசம் வந்த ஓவியம், பெரிய ஓவியர் என்று விளக்கத் தொடங்கினேன். அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“பொம்பளைங்க கெடந்து அழுவுதுங்களே, யாரு செத்தது?”

“ரெண்டு மகனுங்க.”

“அப்பன்காரன் எங்க?”

படத்தின் இடது மூலையைக் காட்டினேன். அம்மா கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். “இந்தா இருட்டுல ஒக்காந்திருக்கானே, இவனா? பெத்த புள்ளைங்கள தூக்கிட்டு வர்றாங்க, திரும்பிக்கூடப் பாக்கலியே!”

இந்த ஓவியத்தைப் பற்றி நான் கல்லூரிக் காலத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அதன் மையத்தை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று அம்மா கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அந்த அப்பன் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? அவன் திரும்பிப் பார்க்காததை ஒரு தேசமே ஏன் கைதட்டி ரசித்தது?

ஒரு நீண்ட தலைப்பு

ஓவியர் ழாக் லூயி தாவீத். ஓவியம் 1789ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் அதைச் சுருக்கமாக ‘புரூட்டஸ்’ என்கிறோம். தாவீத் கொடுத்த தலைப்பு ஒரு பத்திச் செய்திபோல நீளமானது. ரோமானிய விடுதலைக்கு எதிராகத் தார்க்குவின்களோடு சேர்ந்து சதி செய்த தன் இரண்டு மகன்களுக்கு மரண தண்டனை விதித்துவிட்டு, முதல் கான்சலான புரூட்டஸ் வீடு திரும்பியிருக்கிறான். அடக்கம் செய்வதற்காக அவர்களுடைய உடல்களை லிக்டர்கள் கொண்டுவருகிறார்கள். இவ்வளவும் தலைப்புதான். லிக்டர்கள் என்றால் கோல்கட்டும் கோடரியும் ஏந்திக்கொண்டு கான்சலுக்கு முன்னால் நடக்கும் ஏவலர்கள். தண்டனையை நிறைவேற்றுபவர்களும் அவர்களே.

இந்தப் புரூட்டஸ், நாம் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பார்க்கும் புரூட்டஸ் இல்லை. சீசரைக் குத்தியவனுக்கு நாலரை நூற்றாண்டு மூத்தவன், லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ். இவன் கதையை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்கிறார். தார்க்குவின் என்ற கொடுங்கோல் மன்னனின் அரண்மனையில் உயிர் பிழைப்பதற்காக மந்தபுத்திக்காரன்போல நடித்துக்கொண்டிருந்தவன் இவன். புரூட்டஸ் என்ற பெயருக்கே மந்தன் என்றுதான் பொருள். மன்னனின் மகன் லுக்ரீசியா என்ற பெண்ணைக் கெடுக்க, அவள் தன்னைக் குத்திக்கொண்டு சாகிறாள். அந்தக் கத்தியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு புரூட்டஸ் சபதம் செய்கிறான். மன்னர் குடும்பம் துரத்தப்படுகிறது. ரோம் குடியரசாகிறது. மரபாகச் சொல்லப்படும் ஆண்டு கி.மு. 509.

பிறகு வருவதுதான் நம் கதை. மன்னனைத் திரும்பக் கொண்டுவரச் சில இளைஞர்கள் ரகசியமாகத் திட்டம் போடுகிறார்கள். ஓர் அடிமை அதைக் காட்டிக்கொடுக்கிறான். மன்னனுக்கு எழுதிய கடிதங்கள் சிக்குகின்றன. சதிகாரர்களில் இருவர் புரூட்டஸின் மகன்கள், டைட்டஸும் டைபீரியஸும். புரூட்டஸின் மனைவியுடைய சகோதரர்களும் அந்தச் சதியில் இருந்தவர்கள். அதாவது அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளைகளும் போனார்கள், பிறந்த வீடும் போனது. மற்றவர்களுக்கு என்ன தண்டனையோ அதுதான் தன் மகன்களுக்கும் என்கிறான் புரூட்டஸ். கம்பத்தில் கட்டி, அடித்து, கோடரியால் வெட்டுகிறார்கள். கான்சல் என்ற முறையில் அவன் அங்கேயே இருந்து அதைப் பார்த்தாக வேண்டும்.

இதைப் படித்தவுடன் நமக்கு மனுநீதிச் சோழன் ஞாபகம் வரும். கன்றை ஏற்றிக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட அரசன். ஆனால் நம் கதையின் முடிவில் சிவபெருமான் தோன்றுகிறார். கன்று, மகன், மந்திரி என்று எல்லாரும் உயிரோடு எழுந்துவிடுகிறார்கள். அரசனுக்கு நீதியும் மிஞ்சியது, பிள்ளையும் மிஞ்சியது. ரோமானியக் கதையில் எந்தக் கடவுளும் வரவில்லை. ஆரம்பப் பள்ளியில் மனுநீதிச் சோழன் பாடம் படித்தபோது, “சார், அந்தப் பையனோட அம்மா என்ன செஞ்சாங்க?” என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு பிரதிகள்

என் சுவரில் இருப்பது இரண்டாவதாக வாங்கிய பிரதி. முதலில் வாங்கியது மலிவானது. இணையத்தில் ஏதோ ஒரு கடையில் வரவழைத்தேன், கடையின் பெயர் வேண்டாம். குழலைப் பிரித்து விரித்ததும் அதிர்ச்சி. புரூட்டஸைக் காணவில்லை! நிழற்பகுதி முழுக்க ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் அழும் பெண்கள். அவ்வளவுதான் படம். திருப்பி அனுப்பவும் சோம்பல். சுருட்டி அலமாரி மேலே போட்டுவிட்டேன்.

‘ஃபைன் ஆர்ட் பிரிண்ட்’ என்று இப்போது விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மை தூவி அச்சிடப்படுபவை. பருத்தி நாரால் ஆன, அமிலமில்லாத கனத்த தாள். சாயத்துக்குப் பதிலாக நிறமித் துகள் கலந்த மை. இந்த முறைக்கு ‘ஜிக்லே’ என்றொரு பெயர் உண்டு. கேட்டால் ஏதோ பழைய பிரெஞ்சுக் கலைச்சொல்போல இருக்கும். உண்மையில் 1991இல் கலிஃபோர்னியாவில் ஓர் அச்சுக் கலைஞர் அகராதியைப் புரட்டி உண்டாக்கிய சொல் அது. ‘பீய்ச்சுதல்’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து எடுத்தார். இங்க்ஜெட் என்று சொன்னால் ஓவியம் வாங்குகிறவர்கள் மூஞ்சியைச் சுளிப்பார்களே!

எந்தப் பெயரில் அழைத்தாலும் இந்த வகைப் பிரதியின் சோதனை நிழலில்தான் இருக்கிறது. வெளிச்சத்தை எந்த அச்சும் ஓரளவு காட்டிவிடும். கறுப்புக்குள் இருக்கும் கறுப்பைப் பிரித்துக் காட்டுவதுதான் கடினம். இரண்டாவது பிரதியில் புரூட்டஸ் தெரிந்தான். ஆனால் முதல் பிரதி எனக்கு ஒரு பாடத்தை நடத்திவிட்டுத்தான் அலமாரிக்குப் போனது. தலைப்பு முழுவதும் புரூட்டஸைப் பற்றியது. ஓவியர் வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டியதோ பெண்கள் மீது. மை சரியில்லாத ஒரு பிரதி அதை எனக்கு அப்பட்டமாகக் காட்டிவிட்டது.

அசல் 323 சென்டிமீட்டர் உயரம், 422 சென்டிமீட்டர் அகலம். என் பிரதி 60 சென்டிமீட்டர் அகலம்தான். நீளத்தில் ஏழில் ஒரு பங்கு, பரப்பில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அசலுக்கு முன்னால் நிற்பவர்கள் கிட்டத்தட்ட ஆளுயர மனிதர்களைப் பார்க்கிறார்கள். நாங்கள் பார்ப்பது உள்ளங்கை உயர மனிதர்களை. ஆனால் லூவரில் யாரும் சோற்றுத்தட்டை ஏந்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார முடியாது. அம்மா தினமும் உட்காருகிறார்.

படத்தில் என்ன இருக்கிறது

இடப்பக்கம் நிழலில் புரூட்டஸ். அவனுக்குப் பின்னால் ரோமாபுரித் தேவியின் சிலை, அதுவும் நிழலில். ரோமில் இருக்கும் ஒரு பழைய வெண்கலத் தலைச்சிலை புரூட்டஸுடையது என்று நம்பப்பட்டது. அந்த முகத்தைத்தான் தாவீத் இவனுக்குக் கொடுத்தார். கையில் ஒரு தாளைக் கசங்கப் பிடித்திருக்கிறான், மகன்கள் சிக்கிக்கொண்ட கடிதம். உடம்பு சிலைபோல இருக்கிறது. பாதங்களைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு இறுகியிருக்கின்றன. முகம் மறைப்பதைக் கால்விரல்கள் சொல்லிவிடுகின்றன.

அவனுக்குப் பின்னால் லிக்டர்கள் பாடையைச் சுமந்து வருகிறார்கள். மகன்களின் தலைகள் தெரியவில்லை. வெளிச்சம் பட்டுத் தெரிவது கால்கள் மட்டும்.

நடுவில் ஒரு மேசை, சிவப்பு விரிப்பு, அதன்மேல் ஒரு தையல் கூடை. துணி, நூல், கத்தரிக்கோல். பக்கத்தில் ஆளில்லாத நாற்காலி. சற்று முன்புவரை அந்த வீட்டில் யாரோ உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வரலாற்று ஓவியம் என்றால் அரசர்கள், போர்கள், தெய்வங்கள் என்றிருந்த காலம். பிரெஞ்சு ஓவியக் கழகத்தின் படிநிலையில் அதுதான் உச்சம். சட்டிபானையும் பூவும் பழமும் கடைசிப் படி. உச்சப்படி ஓவியத்தின் நட்டநடுவில் தாவீத் ஒரு தையல் கூடையை வைத்தார்.

வலப்பக்கம் தாய் எழுந்து நின்று பாடையை நோக்கிக் கையை நீட்டுகிறாள். அவள் அணைப்பில் ஒரு மகள் மயங்கிச் சரிகிறாள். இன்னொரு மகள் பார்க்க முடியாமல் கைகளை முகத்துக்கு முன் கொண்டுவருகிறாள். கடைசியில் ஒரு வேலைக்காரி துணியால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். முகத்தை மூடுவதற்கு ஒரு பழங்கதை உண்டு. மகளைப் பலி கொடுக்கும் அகமெம்னோனின் துக்கத்தைத் தீட்ட முடியாமல் திமந்தேஸ் என்ற கிரேக்க ஓவியர் அவன் முகத்தைத் துணியால் மூடிவிட்டாராம். அது தகப்பனின் துக்கத்துக்கு உரிய மரியாதை. தாவீத் அந்த மரியாதையைத் தகப்பனிடமிருந்து எடுத்துப் பெயரில்லாத வேலைக்காரிக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்தக் காட்சி லிவியின் நூலில் இல்லை. லிவி சொல்வது தண்டனைக் களத்தை. வீட்டுக்குள் நடந்தது தாவீத் தானாகக் கற்பனை செய்தது. தன் மாணவருக்கு 1789 ஜூனில் எழுதிய கடிதத்தில், இது முழுக்கத் தன் சொந்தக் கற்பனை என்று அவரே சொல்கிறார். களத்தை வரைந்திருந்தால் நீதிமானின் படமாக முடிந்திருக்கும். வீட்டை வரைந்ததால் அழுகைச் சத்தமும் உள்ளே வந்துவிட்டது.

ராஜா காசில் குடியரசு

நவசெவ்வியல் என்ற பாணியை நாம் புரட்சியின் பாணியாக நினைக்கிறோம். அது தொடங்கியது புதைபொருளில். ஹெர்குலேனியத்தை 1738இலும் பொம்பெயை 1748இலும் தோண்டத் தொடங்கினார்கள். சாம்பலுக்கடியிலிருந்து பழைய ரோமானிய வீடுகள் வெளிவந்தன. வளைவும் நெளிவும் இளஞ்சிவப்பு மேகமுமாக இருந்த அரண்மனை ஓவியங்கள் சலித்துப்போயிருந்த நேரம். நேர்கோடு, தூண், கல்தரை, அளவான நிறம், கடுமையான முகம் என்று ரசனை மாறியது.

அந்த ரசனைக்கு முதல் புரவலர் அரசாங்கமே. புரூட்டஸ் ஓவியம் பதினாறாம் லூயிக்காகச் செய்யப்பட்டது. தன் மகனானாலும் மன்னராட்சியை ஆதரித்தால் வெட்டு என்று சொல்லும் படத்துக்கு ஒரு மன்னன் பணம் கொடுத்திருக்கிறான்! அப்போது அது யாருக்கும் விபரீதமாகப் படவில்லை. பழங்கால நற்குணத்தைப் போற்றும் படம், அவ்வளவுதான். 1789 ஜூலை 14இல் பஸ்தீய் சிறை வீழ்ந்தது. சிறைத் தலைவனின் தலையை ஈட்டியில் குத்தித் தெருவில் தூக்கிச் சென்றார்கள். சில வாரங்களில் கண்காட்சி திறந்தது. தாவீத் ஒரு கோட்டைக்கூட மாற்றி வரைய வேண்டியிருக்கவில்லை. படத்தின் பொருள் தானாக மாறியிருந்தது.

1790 நவம்பரில் வோல்ட்டேரின் ‘புரூட்டஸ்’ நாடகத்தைப் பாரிஸில் மறுபடி மேடையேற்றினார்கள். அது 1730இல் எழுதப்பட்ட நாடகம். முடிவில் நடிகர்கள் தாவீதின் ஓவியத்தில் இருப்பதுபோலவே அசையாமல் நின்று காட்டினார்கள். கூட்டம் ஆரவாரித்தது. யாருக்காக? திரும்பிப் பார்க்காத தகப்பனுக்காக. புரூட்டஸ் குடியரசின் காவல் தெய்வமானான். அவன் தலைச்சிலை மன்றங்களில் வைக்கப்பட்டது. தலைப்பு சொன்னதை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். வெளிச்சம் சொன்னதைப் பார்க்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்திருக்கிறேன். இருபது வயதில் என் வாடகை அறைச் சுவரில் ஒட்டியிருந்தது தாவீதின் இன்னொரு படம், ‘ஹொராட்டியர் சபதம்’. அவர் 1784இல் ரோமில் தங்கி வரைந்தது. மூன்று சகோதரர்கள் கையை நீட்டி, தகப்பன் உயர்த்திப் பிடித்த வாள்களை நோக்கிச் சபதம் செய்வார்கள். கொள்கை, தியாகம், சமரசமின்மை என்றெல்லாம் நண்பர்களோடு விடியவிடியப் பேசுவோம். அந்த நீட்டிய கைகள் எங்களுக்காகவே வரையப்பட்டதுபோல இருக்கும். அதே படத்தின் வலது மூலையில் சுருண்டு கிடக்கும் பெண்களை நான் பார்த்ததே இல்லை. அவர்களில் ஒருத்தி எதிரி வீட்டில் பிறந்து இங்கே வாழ வந்தவள். இன்னொருத்தி இந்த வீட்டில் பிறந்து எதிரி வீட்டில் பேசி முடிக்கப்பட்டவள். போரில் எந்தப் பக்கம் வென்றாலும் அவர்களுக்கு எழவுதான். வென்று திரும்பும் அண்ணன், தன் காதலனுக்காக அழுத தங்கையை வெட்டிக் கொல்வதாகக் கதை முடிகிறது. அதையும் நான் பிறகுதான் படித்தேன்.

வைக்கப்படாத படம்

1789 கண்காட்சியில் தாவீத் வைக்க நினைத்து வைக்காமல் போன ஓவியம் ஒன்று உண்டு. வேதியியலாளர் லவ்வாசியேவும் அவர் மனைவி மரியானும் சேர்ந்திருக்கும் படம், 1788இல் வரைந்தது. இன்று நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லவ்வாசியே வெடிமருந்து நிர்வாகத்தில் இருந்தவர். அந்த ஆகஸ்டில் வெடிமருந்து தொடர்பாக மக்களின் கோபம் அவர்மேல் திரும்பியிருந்தது. எதற்கு வம்பு என்று படத்தைத் தவிர்த்துவிட்டார்கள்.

மரியான் தாவீதிடம் ஓவியம் பயின்றவர். கணவரின் நூலுக்கான ஆய்வுக்கருவிப் படங்களைத் தானே வரைந்து செதுக்கியவர். 1794 மே 8இல் லவ்வாசியே கில்லட்டினில் கொல்லப்பட்டார். அதே நாளில் மரியானின் தந்தையும் கொல்லப்பட்டார். ஒரே நாளில் கணவனும் தகப்பனும். அப்போது அவருடைய ஓவிய ஆசிரியர் எங்கே இருந்தார்? கைது ஆணைகளில் கையெழுத்திடும் பொதுப் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினராக இருந்தார்.

தாவீத் படத்தில் வரைந்தவற்றை வாழ்ந்தும் பார்த்தவர். 1793 ஜனவரியில் தேசிய மாமன்றத்தில் மன்னனின் சாவுக்கு வாக்களித்தார். தன் புரூட்டஸுக்குப் பணம் கொடுத்த அதே மன்னன்! அவருடைய மனைவி மன்னராட்சியின் பக்கம் இருந்தவர். 1794இல் அவர்களுக்குள் மணமுறிவு ஆனது.

கிழிந்த பிரதி

அச்சுப்பிரதி என்றாலே இரண்டாந்தரம், அசல்தான் பெரிது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

மிஷேல் லெப்பெல்தியே என்ற பிரபு மன்னனின் சாவுக்கு வாக்களித்தவர்களில் ஒருவர். 1793 ஜனவரி 20ஆம் தேதி மாலை, மன்னன் கொல்லப்படுவதற்கு முதல் நாள், ஓர் உணவகத்தில் முன்னாள் அரசக் காவலன் ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான். புரட்சிக்கு முதல் தியாகி கிடைத்தார். தாவீத் அவருடைய சடலத்தை வரைந்தார். படுக்கையில் சாய்ந்த உடல், மேலே மெல்லிய இழையில் தொங்கும் வாள், அந்த வாள் குத்தி நிற்கும் ஒரு தாள், அதில் மன்னனுக்கு எதிரான வாக்கு. 1793 மார்ச்சில் மாமன்றத்துக்கு அதைக் கொடுத்தபோது தாவீத் ஓர் ஆசையைச் சொன்னார். ஒரு முதிய தகப்பன் தன் பிள்ளைகளைக் கூட்டிவந்து இந்தப் படத்தைக் காட்டி, உங்கள் விடுதலைக்காக முதலில் செத்தவர் இவர் என்று சொன்னால் போதும், தன் வேலை நிறைவேறியது என்றார்.

லெப்பெல்தியேக்குச் சுசான் என்று ஒரு மகள். அப்போது சிறுமி. மாமன்றம் அவளைத் தேசத்தின் மகளாகத் தத்தெடுத்தது. தகப்பனைக் கொள்கைக்குக் கொடுத்துவிட்டு, கொள்கையையே தகப்பனாக ஏற்றுக்கொள் என்று ஒரு குழந்தையிடம் சொன்ன மாதிரி. அவள் வளர்ந்தாள். மன்னராட்சியின் தீவிர ஆதரவாளரானாள். தாவீத் 1825 டிசம்பரில் நாடுகடந்து பிரஸ்ஸல்ஸில் இறந்தார். அடுத்த ஆண்டே அந்த ஓவியத்தைச் சுசான் வாங்கினார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. எரித்துவிட்டார் என்கிறார்கள். தன் மாளிகைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு.

அசலை ஒழித்தால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஓவியத்தைத் தார்தியே என்ற செதுக்கர் செப்புத் தகட்டில் வெட்டியிருந்தார். செப்புத் தகட்டுச் செதுக்கு அந்தக் காலத்து ஃபைன் ஆர்ட் பிரிண்ட். ஓவியத்தின் நிறங்களையெல்லாம் கோடுகளாக மாற்றி, கூர்மையான உளியால் உலோகத்தில் உழுவார்கள். நெருங்கின கோடு நிழல், விலகின கோடு வெளிச்சம். பெரிய படத்துக்கு வருடக்கணக்கில் ஆகும். தகட்டில் மை பூசித் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுத்தால் ஒரு பிரதி. பாரிஸுக்கே போகாத ஆயிரம் பேர் ஒரு ஓவியத்தை அறிந்தது இப்படித்தான். சுசான் அந்தத் தகட்டையும் பிரதிகளையும் தேடி அழித்தார். தப்பியது ஒரே ஒரு பிரதி, அதுவும் கிழிந்தது. பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதையும், ஒரு மாணவர் அசலைப் பார்த்து வரைந்த கோட்டுப்படத்தையும் வைத்துத்தான் அந்த ஓவியம் எப்படி இருந்தது என்று நாம் ஊகிக்கிறோம்.

கலை வரலாற்றாசிரியர்களுக்குச் சுசான் மேல் கோபம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. புரூட்டஸைச் சுவரில் மாட்டிய பிறகு அது கொஞ்சம் தணிந்திருக்கிறது. தகப்பன்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து இந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று தாவீத் ஆசைப்பட்டார். படத்தில் கிடப்பவனின் பிள்ளை அதைப் பார்க்க விரும்புவாளா என்று அவர் யோசிக்கவில்லை. அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஓர் ஓவியத்தை அழிப்பதை என்னால் ஒருபோதும் சரி என்று சொல்ல முடியாது. ஆனால் படத்தின் ஓரத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து நடந்துவந்து படத்தையே கழற்றிவிட்டதுபோல எனக்குப் படுகிறது.

மூலையிலிருந்து நடுவுக்கு

ரோபஸ்பியர் வீழ்ந்ததும் 1794 ஆகஸ்டில் தாவீதும் சிறைக்குப் போனார். பிரிந்து போன மனைவி அவருக்காகத் திரும்பி வந்தார். 1796இல் இருவரும் மறுபடி மணம் செய்துகொண்டார்கள். அந்த ஆண்டுகளில் அவர் வரைந்த பெரிய ஓவியம் ‘சாபின் பெண்களின் குறுக்கீடு’, 1799இல் மக்கள் பார்வைக்கு வந்தது. ரோமானியர்கள் கவர்ந்து வந்த சாபின் பெண்கள், தங்கள் கணவன்மாருக்கும் தகப்பன்மாருக்கும் நடக்கும் போரின் நடுவே பச்சைக் குழந்தைகளோடு புகுந்து நிறுத்துகிறார்கள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு பெண் படத்தின் மையத்தில் நிற்கிறாள்.

1784இல் மூலையில் சுருண்டு கிடந்தார்கள். 1789இல் பாதிப் படத்தையும் முழு வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 1799இல் வாள்களுக்கு நடுவில் வந்து நின்றார்கள். பதினைந்து ஆண்டுகள், மூன்று படங்கள். தாவீத் திருந்திவிட்டார் என்று இதைக் கதையாக முடித்துவிட முடியாது. அடுத்து அவர் நெப்போலியனுக்கு முடிசூட்டும் படம் வரையப் போய்விட்டார். ஆனால் அவர் நம்பிய அரசியலைவிட அவர் கை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்திருக்கிறது. புரூட்டஸைப் போற்றும் படம் வரைய உட்கார்ந்தவர், தையல் கூடையில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கொள்கை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சதிகாரர்களைப் புரூட்டஸ் விட்டிருந்தால் தார்க்குவின் திரும்பி வந்திருப்பான், இன்னொரு லுக்ரீசியா செத்திருப்பாள். தன் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டம் என்றிருப்பவர்களை நாம் தினமும் செய்தியில் பார்க்கிறோம். அவர்களோடு ஒப்பிட்டால் புரூட்டஸ் எவ்வளவோ மேல். ஆனாலும் அவனைப் போற்றுகிறவர்கள் படம் முழுவதையும் பார்த்துவிட்டுப் போற்ற வேண்டும். கைதட்டிய பாரிஸ் கூட்டம் பாதிப் படத்தைப் பார்த்தது. என் இருபது வயதும் பாதிப் படத்தைத்தான் பார்த்தது. நல்ல வேளையாக எனக்கு ஒரு மோசமான பிரதி வந்து சேர்ந்தது.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது அம்மா படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழவு வீட்டுப் படத்தைக் கழற்றச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்ததும், “டேய், அந்த மேசையில தையல் சாமான் வச்சிருக்கே, பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்மா.”

“அந்தப் பசங்களுக்குத்தான் ஏதோ தச்சிக்கிட்டு இருந்திருப்பா போல.”

இத்தனை புத்தகங்களில் நான் படிக்காத ஒரு வரி அது. பதில் சொல்லத் தெரியாமல் நானும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.